கடலடியிற் கமரா

பண்டத்தரிப்புச் சந்தியில் நின்று வடக்கே பார்த்தாற் கடல் தெரியாது. ஆயினும் அது தொலைவில் இல்லை. சைக்கிளை மிதித்தால் அரைமணிக்குள் மாதகற் கரையை அடைந்துவிடலாம். மேற்கே திரும்பினாற் சுழிபுரத்துத் திருவடிநிலை. கிழக்கே சென்றாற் கீரிமலை. இத்துணை அருகிற் கடல் இருந்தும், தோட்டக்காரர் பெரும்பாலோராகிய எம்மூரவர் அதன் மேற்பரப்பை மாத்திரமே அறிவர். அலை தெரியும், ஆடி அமாவாசைத் தீர்த்தம் தெரியும், சந்தைக்கு வரும் மீனும் தெரியும். அந்த மீன் எந்தக் கற்பாரில், எந்தச் சாதாழைப் புதரில் வாழ்ந்தது என்பதை அறிந்தவர் மீன்பிடிப்போரும் சுழியோடிகளுமே. அவர்களுக்கும் தாம் கண்டதைத் தம் வீட்டாருக்குக் காட்ட நெடுங்காலம் வழியில்லாதிருந்தது.

இன்று வழி உண்டு. ஆடி, ஆவணி மாதங்களிற் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர் பலரின் பயணப் பெட்டியில், இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டிவைத்தாற் போன்ற ஒரு சிறு கமரா இருக்கிறது. ‘அக்சன் கமரா’ என்று அதற்குப் பெயர். தலையிற் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டலாம். நீர்புகா உறையில் இட்டுக் கடலிலும் மூழ்கலாம். பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு மாதகலுக்கோ காரைநகர்க் கசூரினாக் கரைக்கோ போகிறார்கள். மாலையில் வீடு திரும்பி, தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்துப் பார்க்கிறார்கள். கரையில் எடுத்த படங்களில் தென்னோலையின் ஒவ்வோர் ஈர்க்கும் எண்ணக்கூடியதாக இருக்கிறது. நீருக்குள் எடுத்ததிலோ பச்சைப் புகை. அதனூடே மீனோ துணியோ என்று சொல்லவியலாத ஏதோ ஒன்று அசைந்து செல்கிறது.

உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் எழுந்துவிடும். ஒன்று, கமரா மலிவானது என்னும். மற்றது, எங்கள் கடல் கலங்கல், மாலைதீவுக் கடலைப் போன்றதன்று என்னும். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் விலையுயர்ந்த கமராவையும் தெளிந்த கடலையும் சேர்த்துக் கொடுத்தாலும் படம் மங்கிப்போகும் நிலை ஒன்று உண்டு. அதற்குக் காரணம் ஒரு சிறு கண்ணாடித் துண்டின் வளைவு. அதை விளங்கிக்கொள்ளப் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள ஒளிமுறிவுப் பாடமே போதும். பாடத்தைப் படித்துப் பரீட்சையோடு மறந்துவிடும் மாணவர்களுக்காகவே இவ்வாரம் இதனை எடுத்துக்கொண்டோம்.

கிணற்றடியில் விழுந்த செப்புக் குடம் கைக்கெட்டும் தூரத்திற் கிடப்பதுபோலத் தோன்றுவதை யாவரும் கண்டிருக்கிறோம். ஆழங்குறைந்த நீரில் மண்டாவால் மீன் குத்துபவர் மீன் தெரியும் இடத்தைக் குறிபார்ப்பதில்லை. அதற்குச் சற்றுக் கீழே குறிபார்ப்பார். நீரிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளி திசைமாறுவதே இவற்றுக்குக் காரணம். இதே முறிவுதான் எங்கள் கண்ணுக்கும் பார்வையைத் தருகிறது. காற்றிலிருந்து கண்ணின் முன்புற வளைவுக்குள் ஒளி நுழையும்போது முறிகிறது. கண்ணின் குவிக்குந் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே கிடைக்கிறது. எஞ்சியதையே உள்ளிருக்கும் வில்லை செய்கிறது. நீருக்குள் கண்ணைத் திறந்தால், கண்ணின் முன்புறமும் நீர், வெளியேயும் நீர். முறிவதற்கு அங்கே வேலையில்லை. கண் நல்ல கண்ணாயிருந்தும் உலகம் கரைந்த மாவாகத் தெரிகிறது.

சங்கு குளிக்கப் போனவர்களும் மன்னாரில் முத்துக் குளித்தவர்களும் இந்தக் கரைந்த உலகத்திலேதான் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தார்கள். பழக்கத்தினாற் கண் ஓரளவு திருந்தும் என்பதற்கும் சான்று உண்டு. அந்தமான் கடலில் வாழும் மோக்கன் என்னும் கடலோடிச் சாதியாரின் பிள்ளைகளைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் அன்னா கிஸ்லேன் சோதித்து 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஐரோப்பியப் பிள்ளைகளிலும் அவர்கள் நீருக்குள் இருமடங்குக்கு மேல் நுணுக்கமாகப் பார்த்தார்கள். கண்மணியை இயன்றமட்டுஞ் சுருக்கி, உள்வில்லையையும் இயன்றமட்டும் வளைத்துக்கொள்வதே அவர்கள் கண்ட உபாயம். எங்கள் சிறு கமராக்களில் மிகப் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் கண்மணி சுருங்காது, வில்லையும் அசையாது. தொழிற்சாலையில் எப்படிப் பொருத்தினார்களோ அப்படியே இருக்கும்.

மற்றையோருக்கு உள்ள எளிய வழி, கண்ணுக்கு முன்னே சிறிது காற்றை அடைத்துவைத்து, அதற்கு முன்னே தட்டையான கண்ணாடி ஒன்றை நிறுத்துவது. சுழியோடிகள் அணியும் முகக்கவசம் செய்வது அவ்வளவே. கண் பழையபடி காற்றைத் தொடுகிறது, பார்வை திரும்புகிறது. ஒரு மீற்றர் தூரத்து மீன் முக்கால் மீற்றரில் நிற்பதுபோலத் தோன்றும். அளவிலும் மூன்றிலொரு பங்கு பெருத்துத் தோன்றும். சுழியோடப் போனவர் தாம் கண்ட கலவாயின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டும்போது நாம் சிரித்துவிடக் கூடாது. அவர் சொல்வதில் மூன்றிலொரு பங்குக்கு விஞ்ஞானம் பொறுப்பு. மீதிக்கு மாத்திரமே அவர் பொறுப்பு.

இத்தட்டைக் கண்ணாடியின் பயனை இலங்கைக் கடலில் ஆராய்ந்து அனுபவித்த ஒருவர் உண்டு. ஒஸ்திரிய நாட்டுப் பிரபுவும் ஓவியருமாகிய ஒய்கன் வொன் ரான்சொனே 1864, 1865ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கு வந்திருந்தார். நீர்மூழ்கு மணி ஒன்றை அமைத்து, அதிலே தடித்த கண்ணாடிச் சாளரம் ஒன்றைப் பதித்து, மேலே வள்ளத்திலிருந்து குழாய் வழியே காற்றை ஊதச் செய்து, காலிக்கு அண்மையில் முருகைக்கற் பார்களின் நடுவே இறங்கி அமர்ந்தார். அங்கிருந்தபடியே பென்சிலால் வரைந்தார். அவ்வரைபடங்கள் அடங்கிய நூல் 1867இல் வியன்னாவில் வெளிவந்தது. கடலுக்கு அடியில் இருந்து, கண்ணாற் கண்டு, அங்கேயே வரையப்பட்ட படங்கள் அதற்குமுன் உலகில் மிக அரிது. புகைப்படக் கருவி கடலடியில் ஒழுங்காக இயங்குவதற்குப் பின்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. பிரான்சு தேசத்து லூயி பூத்தான் தமது பெட்டியைக் கடலுக்குள் இறக்கியது 1893ஆம் ஆண்டில். ஆகவே, நீரடிக் காட்சியைத் தெளிவாகப் பதியும் கலையின் இளமைப் பருவத்தில் எமது தீவின் கடலுக்கும் ஓர் இடமுண்டு என்று நாம் பெருமை கொள்ளலாம்.

இனி எமது சிறு கமராவுக்கு வருவோம். கலிபோர்ணியாவில் நிக் வூட்மன் என்பவர் 2002இல் தொடங்கிய கோப்புரோக் கம்பெனி, அலைச்சறுக்கு வீரர் மணிக்கட்டில் அணியத்தக்க படச்சுருட் கமராவை 2004இல் விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது துல்லிய வீடியோக் கமராவாக வளர்ந்து உலகெங்கும் பரவியது. அந்த ஆரம்பகால வீடியோக் கமராக்களின் நீர்புகா உறையில், வில்லைக்கு முன்னே இருந்த கண்ணாடி வெளிப்புறமாகக் குவிந்திருந்தது. அலைமேல் நின்றவருக்கு அது குற்றமற்ற அமைப்பு. காற்றில் அந்த வளைவு படத்தைப் பாதிப்பதில்லை; அகன்ற காட்சி மூலைவரை தெளிவாக விழும். ஆனால் அதே உறையோடு நீருக்குள் இறங்கிய சுழியோடிகள் மங்கற் படங்களோடு வெளியே வந்தார்கள். கமரா பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்திருப்பர். வேறு சிறு கம்பெனிகள் தட்டைக் கண்ணாடி உறைகளைச் செய்து விற்கத் தொடங்கின. 2012இன் பிற்பகுதியில் வந்த ‘ஹீரோ 3’ என்னும் கமராவோடு தட்டைக் கண்ணாடி உறையே வந்தது.

வளைந்த கண்ணாடி செய்யும் தீங்கைக் கணக்கிட்டே காட்டலாம். வெளியே நீர், உள்ளே காற்று, இடையே குவிந்த கண்ணாடி. இந்த அமைப்பு நீருக்குள் ஒரு குழிவு வில்லைபோல வேலை செய்கிறது. தூரத்துப் பொருள்கள் யாவற்றையும் இழுத்துவந்து, கண்ணாடிக்கு முன்னே மிகக் கிட்டிய ஓரிடத்தில் மாய விம்பங்களாக நிறுத்துகிறது. எவ்வளவு கிட்டிய இடம்? நீரின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய மூன்றில் நான்கு. வளைபரப்புக்குரிய சமன்பாட்டிலே இதனை இட்டால், வளைவின் ஆரையைப்போல மூன்று மடங்கு என்று விடை வரும். கண்ணாடி வளைவின் ஆரை 2 சதமமீற்றர் என்றால், கடலடி முழுவதும் கண்ணாடிக்கு 6 சதமமீற்றர் முன்னாலே குவிந்து நிற்கிறது. முப்பதடி தூரத்துப் பாறையும் அங்கே. மூன்றடி தூரத்து மீனும் அதற்கு முன்னால் அங்கேயே.

அக்சன் கமராக்களின் வில்லையோ பொதுவாக ஓரடிக்கு அப்பால் உள்ளவற்றையே தெளிவாகப் பதியும்படி நிலையாகப் பொருத்தப்பட்டது. மூக்கு நுனியிற் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படி என்றால் எழுத்துத் தெரியாததுபோல, 6 சதமமீற்றரில் நிற்கும் விம்பம் அதற்குத் தெளிவதில்லை. கடல் எவ்வளவு தெளிந்திருந்தாலும் பயனில்லை. கணினியிற் கூர்மையை ஏற்றிப் பார்த்தாலும் பயனில்லை. பதியாத நுணுக்கத்தைப் பின்னர் எவராலும் வரவழைக்க முடியாது.

மாணவர் சிலர் இங்கே ஒரு தடையை எழுப்பக்கூடும். பெரிய நிபுணர்கள் தம் கமராக்களுக்கு முன்னே கிண்ணம்போன்ற பெரிய குவிகண்ணாடியைப் பூட்டுகிறார்களே, அவர்கள் படம் மங்குவதில்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்களுடைய வில்லை அசையும். கிட்டிய மாய விம்பத்தின்மீதே அதனைக் குவியச் செய்துகொள்கிறார்கள். கிண்ணம் பெரிதானால் ஆரையும் பெரிது, விம்பமும் அதற்கேற்ப விலகி நிற்கும். 10 சதமமீற்றர் ஆரையுள்ள கிண்ணத்துக்கு விம்பம் ஓரடியில் வந்துவிடும். சிறிய குவிகண்ணாடியும் அசையாத வில்லையும் கூடுவதே கேடு.

வீட்டிற் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறோம். வாளி நிறையத் தெளிந்த கிணற்று நீரை எடுத்து, அடியில் ஒரு நாணயத்தை இடுங்கள். அடி தட்டையான கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகம் நீருள் அமிழும்படி பிடித்து, உள்ளே குனிந்து பாருங்கள். நாணயத்தில் உள்ள எழுத்தை வாசிக்கலாம். அடுத்து அடி உருண்ட மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தால் அவ்வாறே பாருங்கள். நாணயம் சிறுத்து, கண்ணாடியோடு ஒட்டியதுபோல மேலே வந்து நிற்கும். உங்கள் கண் வளைந்துகொடுத்து அதையும் பார்த்துவிடும். வெள்ளெழுத்து விழுந்த பாட்டனாரைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் படும் பாடே அந்தக் கமரா படும் பாடு.

ஆகவே பழைய கமரா ஒன்று கையில் வந்தால் முதலிற் செய்யவேண்டியது, உறையின் கண்ணாடியைப் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பது. குவிந்திருந்தால் அது மழைக்கும் அலைக்கும் உரியது. மூழ்குவதற்குத் தட்டைக் கண்ணாடி உறை வேறாகத் தேடவேண்டும். அண்மைக் காலத்துக் கமராக்களில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. 2016இல் வந்த ‘ஹீரோ 5’ முதற்கொண்டு அக்கம்பெனியின் முதன்மைக் கமராக்கள் உறையின்றியே 10 மீற்றர் வரை நீரைத் தாங்குகின்றன. முன்னே இருப்பதும் தட்டைக் கண்ணாடியே. தட்டைக் கண்ணாடிக்கும் ஒரு விலை கொடுக்கவேண்டும். காற்றில் 170 பாகை அகலம் காணும் வில்லை, நீரில் அதனூடே 97 பாகைக்கு மேற் காணாது. ஓரங்களில் நிறங்கள் பிரிந்து வானவிற் கரைபோலத் தெரியும். கமராவின் அமைப்பில் மிக அகன்ற காட்சியைத் தவிர்த்து நடுத்தர அகலத்தைத் தெரிந்தால், அந்த ஓரம் வெட்டுண்டுபோகும். நடுவே உள்ளதுதானே எமக்கு வேண்டியது.

கண்ணாடி சரியான பின்னும் படம் மங்குமானால், அப்போது கடலைக் குற்றஞ் சொல்ல இடமுண்டு. ஆனால் கடலோடு வழக்காடுவதிலும் அதன் குணமறிந்து நடப்பது மேல்.

பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. காற்றெழுந்தால் அடிமணல் எழுந்து நீரெங்கும் மிதக்கும். ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக் காற்று வடகரையை நேரே தாக்குகிறது. அக்காலத்திற் கமராவை வீட்டில் வைப்பதே புத்தி. வாடை ஓய்ந்து சோளகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரை நாட்களே எமது கரைக்கு நல்ல நாட்கள். காலை வேளையில், கடல் பாய் விரித்தாற்போலக் கிடக்கும்போது போகவேண்டும். விடுமுறைக்காரர் வரும் ஆடி, ஆவணி மாதங்களில் அத்தனை அமைதி வாய்ப்பது நாளைப் பொறுத்தது. தெளிவை முன்கூட்டியே காட்டும் கருவி எங்கள் மீன்பிடிப்போரே. நீர் தெளிந்ததா, நீரோட்டம் எப்பக்கம் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குபவர் அரைநாளை வீணாக்கமாட்டார்.

வேறெங்கும் அதிகம் கேள்விப்படாத தொல்லை ஒன்றும் எமது கரையில் உண்டு. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியே ஓடி, கடற்கரையில் ஊற்றாக வெளிப்படுகிறது. கீரிமலைக் கேணி யாவரும் அறிந்த உதாரணம். நன்னீர் உப்புநீரோடு கலக்கும் இடத்தில் இரண்டின் முறிவுச் சுட்டியும் வேறு வேறு. சீனிப்பாகு தண்ணீரிற் கரையும்போது இழை இழையாக நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நீர் முழுவதும் அவ்வாறு நெளியும். எந்தக் கமராவும் அதனூடே தெளிவாகப் பார்க்காது. பதினைந்து இருபது முழம் தள்ளிப்போனால் நெளிவு தீர்ந்துவிடும். இதை அறியாதவர் வில்லையைத் துடைத்துத் துடைத்தே களைத்துப்போவர்.

எல்லாவற்றிலும் முதன்மையான விதி ஒன்றைச் சொல்வதானால், கிட்டப் போங்கள் என்பதே. நீருக்குள் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அதில் நாலிலொரு பங்குக்கு உட்பட்டதே படத்தில் நன்றாக விழும் என்பது நீரடிப் படக்காரரின் பழைய கணக்கு. பத்து மீற்றர் தெரிந்தால் இரண்டரை மீற்றர். எங்கள் கரையிற் சாதாரணமாக நாலு மீற்றர் தெரியும் நாளில் ஒரு மீற்றர். இடையில் உள்ள நீர் ஒவ்வோர் அடியும் ஒரு மெல்லிய திரை. துகள்களின்மேற் பட்ட ஒளி சிதறித் திரும்பி வெண்பனிபோல மூடும். சூரியனை முதுகுப்புறமாக வைத்துக்கொண்டால் அந்தப் பனி ஓரளவு குறையும்.

நிறத்தின் கதையும் இத்திரையோடு சேர்ந்தது. தூய நீரே செந்நிற ஒளியைத் தின்றுவிடும். ஐந்து மீற்றர் நீரைக் கடந்து வரும் செவ்வொளியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே எஞ்சும். ஆழம் மாத்திரமன்று, மீனிலிருந்து கமராவுக்கு உள்ள தூரமும் இக்கணக்கிற் சேரும். மூன்று மீற்றர் ஆழத்தில், இரண்டு மீற்றர் தொலைவில் உள்ள மீனைப் பதிந்தால், சூரிய ஒளி கடந்தது ஐந்து மீற்றர். செந்நிறக் கண்ணாடித் தகட்டை வில்லைக்கு முன் மாட்டச் சொல்வார்கள். அது இல்லாத சிவப்பை உண்டாக்குவதில்லை. மிகுந்திருக்கும் நீலத்தையும் பச்சையையும் தடுத்து, உள்ளதைச் சமப்படுத்துகிறது. எங்கள் கரையின் ஐந்தாறு அடி ஆழத்தில் அதை மாட்டினால் மீனெல்லாம் குங்குமம் பூசிக்கொண்டு வரும். அதோடு ஒளியும் குறைந்துவிடும். சூரியன் உச்சிக்கு அண்மையில் நிற்கும் பத்து மணி முதல் இரண்டு மணிவரை எடுத்தால், தகடு இல்லாமலே போதிய நிறம் கிடைக்கும். வெயில் நேரம் வேறொரு வகையிலும் உதவி: ஒளி குறைந்தால் கமரா ஒவ்வொரு சட்டத்தையும் நீண்ட நேரம் திறந்து பதிகிறது, அதற்குள் கை அசைந்தால் படம் இழுபடும்.

கை அசையாதிருப்பதற்கு ஒரு முழ நீளக் கட்டையின் நடுவிற் கமராவைப் பூட்டி, இரு முனைகளையும் இரு கைகளாற் பிடித்தாற் போதும். நீந்திக்கொண்டே பதிவதிலும் ஓரிடத்தில் நின்று பதிவது நூறு மடங்கு மேல். அதிலும் சிறந்தது, மணற்றரையில் ஒரு பலகைத் துண்டின்மேற் கமராவை வைத்து, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளாற் பாரமேற்றிவிட்டு, ஆள் விலகிப் போய்விடுவது. ஐந்து நிமிடம் சென்றதும் மீன்கள் வில்லையை எட்டிப் பார்க்க வரும். ஓராவும் கிளிமீனும் ஆளைக் கண்டால் ஒரு மீற்றருக்குள் நிற்பதில்லை. கல்லோடு கல்லாகக் கிடக்கும் கமராவை அவை பொருட்படுத்துவதில்லை.

உறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெயிலிற் சுட்ட உறை குளிர்நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் ஈரம் கண்ணாடியிற் பனித்துவிடும். ஆகையால் காலையில் வீட்டு நிழலிலேயே மூடி, கடற்கரையில் ஈரத்துணியாற் சுற்றி வைக்கவேண்டும். சிறு சிலிக்கா ஜெல் பொதி ஒன்றை உள்ளே இடுவது நன்று. றப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் நீர் புகும். புது உறையானால், கமராவுக்குப் பதிலாக மடித்த காகிதத்தை உள்ளே வைத்து, கல்லைக் கட்டிக் கிணற்றில் அரைமணி நேரம் இறக்கிப் பாருங்கள். காகிதம் நனையாவிட்டால் மறுநாட் கடலுக்குப் போகலாம். வெளிக் கண்ணாடியில் ஒட்டும் நீர்க்குமிழிகளைத் தடுக்க, சுழியோடிகள் முகக்கவசத்துக்குச் செய்வதுபோல எச்சிலைத் தடவிக் கழுவுவதே போதும். திரும்பியதும் நன்னீரில் ஊறவைக்கவேண்டும் என்பதை உப்புக்காற்றிற் சைக்கிளைத் துருப்பிடிக்க விட்ட எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தனை பாடும் ஒரு விளையாட்டுக்காகவா என்று பெரியவர்கள் கேட்கலாம். விளையாட்டுக்காக என்றாலும் குற்றமில்லை. ஆயினும் தெளிந்த படத்துக்கும் மங்கிய படத்துக்கும் உள்ள வேறுபாடு, சாட்சிக்கும் வதந்திக்கும் உள்ள வேறுபாடாக மாறும் சந்தர்ப்பங்கள் உண்டு. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த திருக்கோணேசர் ஆலயத்தின் பகுதிகள் கடலுள் கிடக்கின்றன என்று மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்தனர். 1956ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருக்கோணமலையிற் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டு படம்பிடித்தனர். கிளார்க் அடுத்த ஆண்டே அதனை நூலாக எழுதினார். வாய்மொழியாக இருந்தது கண்கூடாயிற்று.

வடகடலுக்கு அத்தகைய படச்சாட்சி மிகக் குறைவு. 1990 தொடக்கம் வலிகாமம் வடக்குக் கரையின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக மூடுண்டு கிடந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின் படிப்படியாகவே விடப்பட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடலோரம் பிறந்தும் கடலிற் கால் வையாது வளர்ந்தனர். அந்த ஆண்டுகளில் முருகைக்கற்பார் எப்படி இருந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே அழிந்தது என்பதற்குப் படமில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பார்களிலிருந்து, இலங்கையில் அதுவரை பதியப்படாத 36 முருகை இனங்களை அறிவித்தது. சுண்ணாம்புச் சூளைக்குக் கல் என்று மாத்திரம் நாம் எண்ணியிருந்த பொருளில் 36 புதிய பெயர்கள்! ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறிய, கல்லின் மேலுள்ள சில மில்லிமீற்றர் அகலக் கிண்ணங்களின் வடிவைப் பார்க்கவேண்டும். மங்கிய படத்தில் அவை யாவும் ஒன்றே.

இன்னுமொன்று. கடல் சூடேறும்போது முருகைகள் வெளிறிப்போகின்றன. 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் அவ்வாறு நேர்ந்தது. 2024இல் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. அடிமடி வலை இழுபட்ட இடத்தில் வேறுவிதமான அழிவு. அவ்வலையை இலங்கைச் சட்டம் 2017இல் தடைசெய்தது. இந்த மாற்றங்களை எப்போதாவது கொழும்பிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் மாத்திரம் பதிந்தாற் போதாது. அவர் வராத மாதங்களில் இங்கே இருப்பவர்கள் நாமும் எமது பிள்ளைகளும். ஒரே கல்லை, ஒரே பக்கத்திலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் பங்குனி மாதத்தில் ஒரு மீற்றர் தூரத்திற் பதிந்துவைத்தால், ஐந்து ஆண்டுகளில் அது யாரும் மறுக்கவியலாத ஏடாகிவிடும். பாடசாலை விஞ்ஞானக் கழகம் ஒன்று இதனை மேற்கொள்ளலாம்; பெரிய செலவு எதுவும் இல்லை.

அவ்வாறு இறங்கும் பிள்ளைகள் தனியே இறங்கலாகாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் நீரிலும், மற்றொருவர் கரையிலும் இருக்கவேண்டும். கடலைத் தொழிலாகக் கொண்ட ஒருவரானால் மிக நன்று. கமராத் திரையைப் பார்த்துக்கொண்டு போகிறவர் நீரோட்டத்தை மறந்துவிடுகிறார். முருகையின்மேல் நிற்பதும் அதை உடைத்தெடுப்பதும் கூடாது. பக்கத்து மணலிலே ஓர் அடிக்கோலை வைத்தால் அளவு தெரியும். பதிவைத் தொடங்குமுன் கரையில் நின்றபடியே, “மாதகல், பங்குனி பன்னிரண்டு, காலை பத்து மணி, ஆழம் ஏழு அடி, காற்று இல்லை” என்று உரக்கச் சொல்லிவிட்டு இறங்குங்கள். கமராவில் ஒலியும் பதிகிறது. பின்னர் எந்தப் படம் எந்தநாட் படம் என்று தேடவேண்டியதில்லை.